நடிகர் பாரதிராஜா: ஒரு மதிப்பீடு

இயக்குநர் பாரதிராஜாவைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் மாணவருக்குத் தமிழில் படிக்க நிறைய உண்டு. 1977இல் வெளிவந்த 16 வயதினிலே, அதைத் தொடர்ந்த கிழக்கே போகும் ரயில், புதிய வார்ப்புகள், 1985இன் முதல் மரியாதை, 1987இன் வேதம் புதிது, 1994இன் கருத்தம்மா ஆகிய படங்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். தேசிய விருதுகளும் 2004இல் கிடைத்த பத்மஸ்ரீ விருதும் அக்கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும். கட்டுரை முடியும் இடத்தில் ஒரு வரி இருக்கும்: "சில திரைப்படங்களில் நடித்தும் உள்ளார்."

அந்த ஒரு வரி போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அறுபது வயதைத் தாண்டிய பின் பாரதிராஜா நடித்த சில வேடங்கள், தமிழ்த் திரையில் தென்மாவட்டத் தகப்பன் என்ற மனிதனை முதன்முறையாக அவனுடைய இயலாமையோடு காட்டின. அதே சமயம், அந்த நடிகரைத் தமிழ் சினிமா பெரும்பாலும் வீணாக்கியது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அவரது நடிப்பு வாழ்க்கையை மதிப்பிட வேண்டும்.

ஊரும் பின்னணியும்

பாரதிராஜாவின் இயற்பெயர் சின்னச்சாமி. பிறந்த ஊர் தேனியை ஒட்டிய அல்லிநகரம். அப்போது இப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. தேனி தனி மாவட்டமாக 1996இல்தான் அறிவிக்கப்பட்டது. மேற்கே மலைத் தொடர், நடுவே முல்லையாறு, அதன் இருபுறமும் நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும், கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டங்களும், போடி மலையில் ஏலக்காயும் கொண்ட பள்ளத்தாக்கு இது. பாரதிராஜா இளமையில் சுகாதார ஆய்வாளராகப் பணிபுரிந்தார். ஊர்த் திருவிழாக்களில் நாடகம் போட்டார். பண்ணைப்புரத்து இளையராஜா சகோதரர்களோடு பழக்கம் ஏற்பட்டதும் அந்தக் காலத்தில்தான். பிறகு சென்னைக்குச் சென்று, கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகல் உள்ளிட்டவர்களிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார்.

அவர் நடிகர்களிடம் வேலை வாங்கும் முறை எல்லோரும் அறிந்தது. வசனத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பவர் அல்லர்; தானே நடித்துக் காட்டுபவர். ராதிகா, ரேவதி, ராதா, கார்த்திக் போன்ற புதுமுகங்களும், மதுரையில் வளையல் கடையில் இருந்து வந்த பாண்டியனும் அவர் செய்து காட்டியதைப் பார்த்தே தங்கள் முதல் படங்களில் நடித்தார்கள். ஆகவே அவர் நடிகராக மாறினார் என்று சொல்வது முழுவதும் சரியல்ல. கேமராவுக்குப் பின்னால் நின்று அவர் எப்போதும் நடித்துக்கொண்டுதான் இருந்தார்.

முதல் முயற்சிகள்

கேமராவுக்கு முன்னால் அவர் முக்கிய வேடத்தில் வந்த முதல் படம் கல்லுக்குள் ஈரம் (1980). 16 வயதினிலே படத்தின் ஒளிப்பதிவாளர் பி. எஸ். நிவாஸ் இயக்கியது. படப்பிடிப்புக்காக ஒரு கிராமத்துக்கு வரும் சினிமா இயக்குநர் வேடம் அவருக்கு. பின்னர் கே. பாக்யராஜின் தாவணிக் கனவுகள் (1984) படத்திலும் இயக்குநராகவே தோன்றினார்.

இந்த இரண்டிலும் அவர் தன்னைத்தான் நடித்தார். பார்வையாளர்களும் ஒரு புகழ்பெற்ற இயக்குநரைத் திரையில் பார்க்கும் ஆவலோடுதான் பார்த்தார்கள். கல்லுக்குள் ஈரத்தை இன்று பார்த்தால், முகத்தில் தயக்கமும் உடலில் இறுக்கமும் தெரிகின்றன. மற்றவருக்குச் செய்து காட்டும்போது இருந்த சுதந்திரம், தானே பாத்திரமாகும்போது அவரிடம் இல்லை. கதாநாயகனாக அவர் தொடரவில்லை. அது நல்லதாகவே போயிற்று. அவருக்கான வேடங்கள் வருவதற்கு அவர் முதுமையடைய வேண்டியிருந்தது.

ஆய்த எழுத்து

2004இல் மணிரத்னம் இயக்கிய ஆய்த எழுத்து படத்தில் அரசியல்வாதி செல்வநாயகமாக நடித்தார். அதே கதை இந்தியில் யுவா என்ற பெயரில் உடன் தயாரானது. அதில் இந்த வேடத்தைச் செய்தவர் ஓம் புரி. மாணவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. ஓம் புரி தேர்ந்த நாடக நடிகர். அவருடைய அரசியல்வாதியின் தந்திரம் அவரது கண்ணில் தெரிகிறது. பாரதிராஜாவின் செல்வநாயகத்திடம் தந்திரம் வெளியே தெரிவதில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து நியாயம் பேசும் பெரிய மனிதரின் நிதானத்தோடுதான் அவர் அநியாயத்தைப் பேசுகிறார். நம் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மனிதர் புதியவர் அல்லர்.

இந்தப் படத்தில்தான் அவரது பேச்சு வழக்கு ஒரு நடிப்புக் கருவியாக முதலில் பயன்பட்டது. மாணவர் அரசியலைப் பற்றிய நகரப் படத்தில் தென்மாவட்டப் பேச்சோடு ஒருவர் உட்கார்ந்திருந்தது அந்தப் பாத்திரத்துக்கு ஒரு முன்கதையைக் கொடுத்தது. அவர் எங்கிருந்து கிளம்பி எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதை வசனம் எதுவும் சொல்லாமலே நாம் புரிந்துகொண்டோம்.

இடைக்காலத்தில் சின்னத்திரைக்கும் அவர் சென்றார். கலைஞர் தொலைக்காட்சியில் வந்த தெக்கத்திப் பொண்ணு தொடரை இயக்கினார். 2010இல் தாமிரா இயக்கிய ரெட்டைசுழி படத்தில் கே. பாலசந்தரும் அவரும் பகை கொண்ட இரு முதியவர்களாக நடித்தார்கள். இரு பெரும் இயக்குநர்களை எதிரெதிரே நிறுத்திய பெருமை அந்தப் படத்துக்கு உண்டு. ஆனால் அந்தப் பெருமையே படத்தின் பாரமாகவும் ஆனது. பாத்திரங்களை மறந்து ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாண்டிய நாடு: பழி வாங்கத் தெரியாத தகப்பன்

சுசீந்திரனின் பாண்டிய நாடு (2013) நடிகர் பாரதிராஜாவின் உண்மையான தொடக்கம். கதை மதுரையில் நடக்கிறது. கிரானைட் முறைகேட்டைத் தட்டிக் கேட்ட அரசு அதிகாரியான மூத்த மகன் கொல்லப்படுகிறான். இளைய மகன் (விஷால்) பயந்த சுபாவம் உள்ளவன். தகப்பன் கல்யாணசுந்தரம், யாரிடமும் சொல்லாமல், கொலைகாரனைக் கொல்லக் கூலிக்கு ஆள் தேடிப் புறப்படுகிறார்.

இப்படிப்பட்ட கதையில் தமிழ் சினிமாத் தகப்பனுக்கு வழக்கமாக இரண்டு இடங்கள்தான் உண்டு. ஒன்று, மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்க வேண்டும். இல்லையென்றால் அரிவாளை எடுத்து மகனிடம் கொடுக்க வேண்டும். கல்யாணசுந்தரம் இரண்டும் செய்யவில்லை. அவர் ஒரு சாதாரணக் குடும்பஸ்தர். ரவுடிகளிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியாது. ஒரு தவறான வேலைக்கு, வங்கிக் கடனுக்கு மேலாளரிடம் போய் நிற்பவரைப் போல, பணிவோடு போய் நிற்கிறார். அந்தப் பொருத்தமின்மையை பாரதிராஜா நடித்த விதம்தான் படத்தின் உயிர். கோபம் முகத்தில் இருக்கிறது, கைகளில் இல்லை. கைகள் என்ன செய்வதென்று அறியாமல் தவிக்கின்றன.

இக்கட்டுரையை எழுதுபவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பள்ளத்தாக்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மகனைப் பற்றிப் பேச ஆசிரியர் கூப்பிட்டனுப்பிய தகப்பன்மார்கள் அதே கைகளோடு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். வகுப்பறைக்குள் வரச் சொன்னாலும் வரமாட்டார்கள். வராந்தாவில் நின்று துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரி சார்" என்பார்கள். அந்த மனிதரைத் திரையில் பார்க்க எனக்குப் பணி ஓய்வு நெருங்கும் வயது ஆகிவிட்டது.

குரங்கு பொம்மை: நம்புகிற முகம்

நித்திலன் சுவாமிநாதனின் முதல் படம் குரங்கு பொம்மை (2017). பாரதிராஜா நடித்த பாத்திரங்களில் இதுவே மிகச் சிறந்தது என்பது என் கருத்து. சுந்தரம் என்ற முதியவர், சிலை கடத்தும் ஏகாம்பரத்திடம் பல காலமாக விசுவாசமாக இருப்பவர். நட்புக்காக, என்ன ஏது என்று கேட்காமல், ஒரு பையை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போகிறார். அங்கே பணத்தாசை பிடித்த ஒருவனிடம் (குமரவேல்) சிக்கிக்கொள்கிறார். அதே நகரில் வாடகைக் கார் ஓட்டும் மகன் (விதார்த்) தகப்பனைத் தேடி அலைகிறான்.

சுந்தரம் நல்லவர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஏகாம்பரத்தின் தொழில் யோக்கியமானதல்ல. மகனுக்கு அந்தச் சகவாசம் பிடிக்கவில்லை. மகன் சொல்வது சரி என்று நமக்கும் தெரிகிறது. ஆனால் சுந்தரத்துக்கு நட்பு என்பது கணக்குப் பார்க்கும் விஷயம் அல்ல. தவறான இடத்தில் வைக்கப்பட்ட விசுவாசம் எப்படி இருக்கும் என்பதை பாரதிராஜா மிகக் குறைந்த அசைவுகளில் காட்டுகிறார். கதை காலத்தை முன்பின்னாக மாற்றிச் சொல்லப்படுவதால், மகன் தேடிக்கொண்டிருக்கும்போதே தகப்பனின் முடிவை நாம் அறிந்துவிடுகிறோம். அதன் பிறகு அந்த முகம் திரையில் வரும்போதெல்லாம், அதன் வெகுளித்தனம் நம்மை வதைக்கிறது. அழுது நடிக்க வேண்டிய தேவையே அவருக்கு ஏற்படவில்லை.

இந்தப் படத்தில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சுந்தரம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பேச்சோ தேனிப் பேச்சு. கிராமம் என்றால் எல்லாக் கிராமமும் ஒன்றே என்று நினைக்கும் பழக்கம் தமிழ் சினிமாவில் உண்டு. கிராமத்தை ஸ்டுடியோவிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் பாரதிராஜா என்பதால், அவரை வைத்தே இந்தத் தவறு நிகழ்வது உறுத்துகிறது.

தாத்தா வேடங்கள்

அடுத்து வந்த ஆண்டுகளில் அவரைத் தேடி வந்தவை பெரும்பாலும் தாத்தா வேடங்கள். கென்னடி கிளப் (2019) படத்தில் கபடிப் பயிற்சியாளர். நம்ம வீட்டு பிள்ளை (2019) படத்தில் தாத்தா. ஈஸ்வரன் (2021) படத்தில் குடும்பத்துப் பெரியவர். இவற்றில் பலவற்றில் அவர் பாத்திரமாக இல்லை, அடையாளமாக இருக்கிறார். மண், பாசம், பாரம்பரியம் என்று ஒரு படம் சொல்ல விரும்பினால் பாரதிராஜாவின் நரைத்த தலையை அண்மைக் காட்சியில் வைத்தால் போதும் என்ற சுலப வழி கிடைத்துவிட்டது. கூட்டுக் குடும்பம் சிதறும், பெரியவர் கலங்குவார், பாட்டு வரும். நடிகருக்கு அங்கே வேலை குறைவு.

தங்கர் பச்சானின் கருமேகங்கள் கலைகின்றன (2023) அவருக்கு முழுநீள வேடத்தைக் கொடுத்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறும் கதை. கரு கனமானது. ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் கண்ணீரை எதிர்பார்த்ததால், அவரது பலமான அடக்கம் வெளிப்பட இடமில்லாமல் போனது. அவரே இயக்கி நடித்த மீண்டும் ஒரு மரியாதை (2020) பற்றியும் இதையே சொல்லலாம். முதல் மரியாதையில் சிவாஜி கணேசனிடம் அவ்வளவு அடங்கிய நடிப்பை வாங்கியவர், தன்னிடம் அதை வாங்கத் தவறினார்.

விதிவிலக்குகள் இரண்டு. அருண் மாதேஸ்வரனின் ராக்கி (2021) படத்தில் அவர் மணிமாறன் என்ற கொடூரமான கும்பல் தலைவன். மகனைப் பறிகொடுத்த தகப்பன் என்பது இங்கும் உண்டு. ஆனால் பாண்டிய நாட்டில் தவித்த அதே துக்கம் இங்கே விஷமாகிவிடுகிறது. நமக்குப் பழக்கமான பாசக்கார முகத்திலிருந்தே கொடுமை வருவதால் அதிர்ச்சி அதிகம். மித்ரன் ஜவஹரின் திருச்சிற்றம்பலம் (2022) முற்றிலும் வேறு வகை. பேசிக்கொள்ளாத மகனுக்கும் (பிரகாஷ் ராஜ்) பேரனுக்கும் (தனுஷ்) இடையே ஒரே வீட்டில் வாழும் தாத்தா. பேரனுக்கு அவர் உபதேசம் செய்வதில்லை. சேர்ந்து வம்பு பேசுகிறார், கேலி செய்கிறார். நகைச்சுவைக்கான நேர உணர்வு அவரிடம் இவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பதை நாம் எண்பது வயதை எட்டிய அவரிடம் கண்டுகொண்டோம். இளைய தலைமுறை அவரை இயக்குநராக அறியாமலே நேசித்த படம் இது.

குரலும் பேச்சும்

பாரதிராஜா தன் படங்களின் தொடக்கத்தில் தமிழ் மக்களை விளித்துப் பேசும் கரகரத்த குரலை ஒரு தலைமுறை முழுவதும் அறியும். அது மேடைக் குரல். நடிகரானபோது அந்தக் குரலை அவர் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. நல்ல படங்களில் இறக்கி வைத்தார். மற்றவற்றில் அது திரும்பி வந்து, வசனத்தைச் சொற்பொழிவாக்கியது. அவரது நடிப்பு நன்றாக இருக்கிறதா என்று அறிய எளிய வழி, கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கேட்பதுதான்.

பேச்சு வழக்கு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "அங்கிட்டு", "இங்கிட்டு", "வந்தாய்ங்க", "போனாய்ங்க", "வெரசா" என்று பேசும் பிள்ளைகளை வகுப்பில் திருத்துவது என் வேலையாக இருந்தது. தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் போகும் என்பது உண்மை. ஆனால் அப்படிப் பேசுவதே தாழ்வு என்ற எண்ணத்தையும் என்னை அறியாமல் சேர்த்தே கொடுத்திருக்கிறேன். சினிமாவிலும் இந்தப் பேச்சு நெடுங்காலம் சிரிப்பு மூட்டவோ, அரிவாள் தூக்கும் கோபத்தைக் காட்டவோதான் பயன்பட்டது. ஒரு மனிதர் இதே பேச்சில் வெட்கப்படலாம், தயங்கலாம், மகனிடம் மன்னிப்புக் கேட்க முடியாமல் திணறலாம் என்பதை பாண்டிய நாட்டிலும் குரங்கு பொம்மையிலும் கேட்டேன். எழுத்துத் தமிழைக் கற்றுக் கொடுக்க வீட்டுத் தமிழை இழிவாக்க வேண்டியதில்லை என்று, காலம் கடந்து, எனக்குப் புரிய வைத்தது அந்த நடிப்பு.

ஜப்பானிலிருந்து ஓர் ஒப்பீடு

உலக சினிமாவில் தகப்பன் வேடம் என்றதும் நினைவுக்கு வருபவர் ஜப்பானிய நடிகர் சிசு ரியூ (1904–1993). கியூஷு தீவின் குமமோட்டோ பகுதியில், ஒரு புத்தக் கோயில் குருக்களின் மகனாகப் பிறந்தவர். தன் ஊர்ப் பேச்சின் சாயலை அவர் கடைசிவரை விடவில்லை. 1953இல் யசுஜிரோ ஓசு இயக்கிய டோக்கியோ ஸ்டோரி படத்தில், பிள்ளைகளைப் பார்க்க நகரத்துக்கு வரும் எழுபது வயது முதியவராக நடித்தபோது அவருக்கு வயது 49. ஓசு இயக்கிய 54 படங்களில் 52 படங்களில் அவர் நடித்ததாகக் கணக்கிடப்படுகிறது. பின்னாளில் டோரா-சான் படவரிசையில் கோயில் குருக்களாக வந்து சாதாரண மக்களின் அன்பையும் பெற்றார்.

ரியூவும் பாரதிராஜாவும் ஒருவரையொருவர் ஒத்தவர்கள் அல்லர். ரியூவின் முகம் அமைதியான குளம். பாரதிராஜாவின் முகம் அப்படியில்லை, உணர்ச்சி உடனே மேலே வந்துவிடும். ஒப்பிட வேண்டியது வேறொன்றை. ரியூவுக்கு ஓசு இருந்தார். ஒரே நடிகரின் முகத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்து, அவருக்கு எது இயல்பு, எதை விலக்க வேண்டும் என்று அறிந்து வேடம் எழுதிய இயக்குநர். நடிகர் பாரதிராஜாவுக்கு அப்படி ஒரு பாரதிராஜா கிடைக்கவில்லை. சுசீந்திரன் மூன்று படங்களில் அவரைப் பயன்படுத்தினார். முதல் படத்தில் கண்டதை அடுத்த இரண்டில் வளர்க்கவில்லை. நித்திலன் தன் இரண்டாவது படமான மகாராஜாவில் (2024) சிறு வேடமே கொடுத்தார். மலையாளத்தில் மோகன்லாலின் துடரும் (2025) படத்திலும் அவருக்குச் சிறு வேடம்தான்.

ஒரு மறுப்பும் பதிலும்

கிராமத்து முதியவரைக் காட்ட நடிகரே தேவையில்லை, உண்மையான மனிதர் போதும் என்று சிலர் சொல்லலாம். அதற்கு வலுவான சான்றும் உண்டு. உசிலம்பட்டிப் பகுதியைக் களமாகக் கொண்ட மணிகண்டனின் கடைசி விவசாயி (2022) படத்தில் நடித்த நல்லாண்டி, தொழில்முறை நடிகர் அல்லர், விவசாயி. படம் வெளிவருமுன் அவர் காலமானார். பின்னர் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு பெற்றார். மாயாண்டி என்ற அந்தப் பாத்திரத்தை வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

ஆனால் நல்லாண்டி காட்டியது சலனமற்ற ஒரு வாழ்க்கையை. அவருடைய மாயாண்டி தன் நிலத்தில் உறுதியாக நிற்பவர். பாரதிராஜாவின் தகப்பன்மார்கள் நிலத்தை விட்டு நகர்ந்தவர்கள். நகரத்திலும், ரவுடிகளின் வீட்டிலும், பிள்ளைகளின் உலகத்திலும் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாதவர்கள். அந்தத் தடுமாற்றத்தைக் காட்ட ஒருவர் இரண்டு இடங்களையும் அறிந்திருக்க வேண்டும். அல்லிநகரத்திலிருந்து கோடம்பாக்கம் சென்று அங்கேயே முதுமையடைந்த ஒருவரால் அது முடிந்தது. இரண்டும் வேறு வேறு கலை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் குறைக்க வேண்டியதில்லை.

மதிப்பீடு

பாரதிராஜா நடித்த படங்களின் பட்டியல் நீளமானது; நிலைத்து நிற்கக்கூடியவை மிகச் சில. ஆய்த எழுத்து, பாண்டிய நாடு, குரங்கு பொம்மை, ராக்கி, திருச்சிற்றம்பலம் ஆகிய ஐந்தும் போதும், அவரை ஒரு முக்கியமான குணச்சித்திர நடிகர் என்று சொல்ல. இந்த ஐந்தையும் பார்க்கும் மாணவர்கள், ஒரே முகம் அதிகாரமாக, இயலாமையாக, விசுவாசமாக, வன்மமாக, குறும்பாக மாறுவதைக் காணலாம். அவர் எங்கே குரலை உயர்த்துகிறார், கைகளை என்ன செய்கிறார் என்று குறித்துக்கொண்டே பார்த்தால் நடிப்பைப் பற்றி ஒரு பாடமே கிடைக்கும்.

இயக்குநராக அவர் இந்தப் பகுதியின் மனிதர்களைத் தமிழகத்துக்குக் காட்டினார். அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்; காதலித்தார்கள், ஊரை எதிர்த்தார்கள், ரயிலேறிப் போனார்கள். அவர்கள் போன பின் ஊரில் நின்ற தகப்பன்மார்களுக்கு அப்படங்களில் அதிக இடமில்லை. பிள்ளைகளின் மகிழ்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்களாகத்தான் அவர்கள் பெரும்பாலும் வந்தார்கள். வயதான பின் பாரதிராஜா ஏற்ற நல்ல வேடங்கள் அந்த விடுபட்ட பக்கத்தை எழுதின. அவரைப் பற்றிய கட்டுரைகளில் நடிப்புக்கு ஒரு வரிக்கு மேல் இடம் தர இதுவே போதிய காரணம்.